முட்டுக்கட்டையும் டர்போவும்: வீட்டுப் பட்டறைகளின் எழுதப்படாத வரலாறு

ஒரு காரியத்தைக் கெடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று பழிப்பது தமிழ் வழக்கு. தேரோட்டத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாளன்று விநாயகர், முருகன், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோரின் ஐந்து தேர்கள் மாடவீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே பிடிக்கிறார்கள். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து, ஆப்பு வடிவிலான மரக்கட்டையைச் சரியான நொடியில் சரியான கோணத்தில் செருகும் சிலர் நம் கண்ணில் படுவதில்லை. தேர் நிற்பதும், நேராகச் செல்வதும், வீதி முனையில் திரும்புவதும் அவர்கள் கையில் இருக்கின்றன. இழுக்கும் ஆற்றல் கூடக் கூடக் கட்டை போடுபவரின் பொறுப்பும் கூடுகிறது.

கார்களின் ஆற்றலைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கூட்டிக்கொள்ள முயன்ற தமிழ்நாட்டு மனிதர்களைப் பற்றிய இக்கட்டுரையைத் தேரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி ஒன்றைச் செய்து முடித்த பிறகும் திருத்திக்கொண்டே இருப்பது நமக்குப் புதிதன்று. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிட்டார் புறநானூற்று ஔவையார். அந்த ஒரு மாதத்தில் தச்சன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று உரையாசிரியர்கள் விரித்துச் சொல்லவில்லை. இயந்திரப் பட்டறையில் ஒரு மாதம் கழித்தவர்களுக்கு அது விளங்கும். நம் காலத்திலும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் நீரியல் தடையும் பொருத்திக் கொடுத்தார்கள். மரபின் வண்டியும் திருத்தப்பட்ட வண்டிதான்.

பழுதுபார்த்தலே பள்ளிக்கூடம்

மோட்டார் வண்டி நம் நாட்டுக்கு வந்தபோது அதனோடு உதிரிப் பாகங்களோ, பழுதுபார்க்கக் கற்றவர்களோ போதிய அளவில் வரவில்லை. இங்கிருந்தவர்கள் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். ஆனால் 'பிரித்துப் பார்த்தல்' என்றவுடன் தமிழர் நினைவுக்கு வரும் பெயர் ஜி.டி. நாயுடு (1893–1974). கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் கண்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்குவதற்காகவே உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் ஓட்டித் திரிவதை விட்டுவிட்டு அதை முழுவதுமாகக் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு அவர் தொடங்கிய தொழில், யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் து. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பழக்கத்தை மாகாணம் முழுவதற்கும் பரப்பியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகளின் பின்புறத்தில் உருளை வடிவ உலைகள் ஏறின. மரக்கரியை எரித்து, எழும் வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். முதியவர்கள் 'கரி பஸ்' என்று நினைவுகூர்வது இதைத்தான். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இத்தகைய கரிவாயுக் கலன்களைத் தம் நிறுவனத்திலேயே செய்து விற்றார். கரிவாயுவில் ஓடும் எஞ்சினின் ஆற்றல் கணிசமாகக் குறைந்துவிடும். இழந்ததில் ஒரு பகுதியையாவது மீட்க வேண்டுமானால் தீப்பொறி விழும் தருணத்தை முன்னே தள்ள வேண்டும். காற்றும் வாயுவும் கலக்கும் அளவை ஏற்றத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இன்று 'டியூனிங்' என்று அழைக்கப்படும் கலையின் அடிப்படைப் பாடங்கள் இவையே. நம் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பந்தய ஆசையால் இவற்றைக் கற்கவில்லை, பயணிகளை மேட்டில் இறக்கித் தள்ளச் சொல்லாமல் ஊர் சேர்ப்பதற்காகக் கற்றார்கள்.

சோழவரத்துத் தார்ச்சாலை

அதே போர் இன்னொன்றையும் விட்டுச் சென்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இராணுவத்துக்காக அமைக்கப்பட்ட விமான ஓடுதளம், போர் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் இறுதி வரை, சோழவரம் என்றால் நாடெங்கும் உள்ள பந்தயப் பித்தர்களுக்கு ஒரே பொருள்தான்.

அங்கே ஓடியவை எத்தகைய கார்கள்? 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா 'என்சைன்' என்ற உண்மையான ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் சோழவரத்தின் உயிர் அத்தகைய இறக்குமதி வண்டிகளில் இல்லை. ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று அன்றைய நடுத்தர வர்க்கத்தினர் அலுவலகத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓட்டிச் சென்ற அதே வண்டிகள்தாம் உள்ளுறுப்பு மாறி அங்கே சீறின. உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட காலம் அது. புதிய கார் ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது பெரும்பாலோருக்குக் கனவிலும் இயலாதது. கையில் இருப்பதைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹெரால்டு இதற்கு வாகாக அமைந்த வண்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அறுபதுகளில் அதைத் தயாரித்தது. உடலும் அடிச்சட்டகமும் தனித்தனி என்பதால் மேலுடலைக் கழற்றி எடுத்துவிட முடியும். முன்மூடி முழுவதும் மட்டைப்பலகை போல முன்னோக்கிக் கவிழ்ந்து, எஞ்சினைச் சுற்றிலும் ஆள் நிற்க இடம் கொடுக்கும். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது, காற்று செல்லும் துளைகளைக் கையால் அராவி வழவழப்பாக்குவது, கேம் ஷாஃப்டின் முகட்டை மாற்றி வால்வு திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவது, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்துவது ஆகியவையே அக்காலத்து வித்தைகள். அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைவு. அழுத்தத்தைச் சற்றே மிகையாக்கினாலும் கலவை தன் நேரத்துக்கு முன்பே வெடித்து, எஞ்சின் சுத்தியலால் தட்டுவது போல் ஒலிக்கும். அந்த ஒலியைக் காதால் கேட்டே 'போதும்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அளவைக் கருவிகள் அருகியிருந்த அந்தக் காலத்தில் அவர்களுடைய செவியே கருவி.

கோவையின் கரிவர்தன்

பஞ்சாலைகளுக்காகப் பிறந்த வார்ப்பட ஆலைகள், பம்புசெட்டுகளுக்காக வளர்ந்த கடைசல் பட்டறைகள், அவற்றை நடத்தப் பிள்ளைகளைப் பழக்கிய தொழிற்கல்வி நிலையங்கள் எல்லாம் ஒரே ஊரில் அமைந்த இடம் கோவை. பிஸ்டனோ பற்சக்கரமோ வேண்டுமென்றால், வரைந்து கொடுத்து வார்த்து வாங்கிவிடலாம். இந்த மண்ணிலிருந்து வந்தவர் எஸ். கரிவர்தன். 1910-ல் தோன்றிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1954-ல் பிறந்தார். சோழவரத்தில் ஓட்டுநராக வென்றவர் என்பதைக் காட்டிலும், பந்தயக் கார்களைக் கட்டியவர் என்பதே வரலாற்றில் அவருக்குரிய இடம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். பலர் அதைப் பொம்மை வண்டி என்று ஏளனம் செய்தார்கள். கரிவர்தன் அதில் வேறொன்றைக் கண்டார். எடை குறைந்த, நம்பகமான, எங்கும் உதிரிப் பாகம் கிடைக்கிற எஞ்சின் அது. 1988 வாக்கில், அதை ஒற்றை இருக்கை வண்டி ஒன்றில் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயக் காரை அவர் உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே வண்டி, எளிய விலை. பணம் படைத்தவர் வெளிநாட்டுக் கார் கொண்டுவந்து வெல்லும் நிலை மாறி, ஓட்டத் தெரிந்தவர் வெல்லும் நிலை பிறந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது, அதில் ஓடுவதற்கு நம் ஊரிலேயே செய்த கார் தயாராக இருந்தது. அந்தக் காரில் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995-லேயே வான்விபத்து ஒன்றில் அவர் மறைந்துவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீணாகும் மூச்சு

மேற்சொன்ன வித்தைகள் அனைத்தும் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பியவை. அடுத்த பாய்ச்சல் டர்போ. இலக்கிய வாசகர்களுக்கு அதன் தத்துவத்தைச் சொல்லிவிடுவது நல்லது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புகையோடு புகையாகச் சூடாக வெளியேறிவிடுகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சுழலியை வைத்து, அதன் அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால், வீணாகும் வெளிமூச்சே உள்மூச்சைத் தள்ளிக்கொடுக்கும். கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் எரிபொருள், கூடுதல் ஆற்றல். அந்தச் சிறிய அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். எண்ணெய்ப் படலம் ஒன்றே அதற்குத் தாங்கு தளம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவின் சான்போர்டு மாஸ், 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு விமான எஞ்சின் ஒன்றை ஏற்றிச் சென்றார். சமவெளியில் 350 குதிரைத்திறன் தந்த அது மலையுச்சியில் 230-ஆகச் சுருங்கியது. டர்போ பொருத்தியதும் 356-ஆக மீண்டது. நம் ஊட்டி மலையேறும் வண்டிகள் திணறுவதற்கும் இதே காரணம்தான். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. 1920-களில் கப்பல் எஞ்சின்களுக்கும், 1962-ல் அமெரிக்கக் கார்களுக்கும், 1977-ல் ரெனோ நிறுவனத்தின் மூலம் ஃபார்முலா ஒன்னுக்கும் டர்போ வந்து சேர்ந்தது. அடிக்கடி புகை கக்கி நின்றுபோன அந்த ரெனோவை 'மஞ்சள் தேநீர்க் குடுவை' என்று கேலி செய்தவர்கள், 1979-ல் பிரான்சின் டிஷோன் தடத்தில் அது வென்றபோது வாயடைத்துப் போனார்கள்.

நம் நாட்டில் டர்போ முதலில் லாரி, பேருந்துகளின் டீசல் எஞ்சின்களில்தான் பரவலாயிற்று. பெட்ரோல் கார்களில் அது எளிதாகக் கிடைத்தது 2010-களில்தான். 2013-ல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு இகோஸ்போர்ட்டில் 999 கன சென்டிமீட்டர் டர்போ எஞ்சின் 125 குதிரைத்திறன் தந்தது. கரிவர்தன் கையாண்ட மாருதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! அதே மூன்று சிலிண்டர், கால் பங்கு கூடுதல் கொள்ளளவு, மும்மடங்கு ஆற்றல்.

கொட்டகையில் டர்போ: எதை முதலில் செய்வது?

ஆற்றல் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதுதான் ஆபத்து. டர்போ எஞ்சினில் அழுத்தத்தை உயர்த்த ஒரு வால்வின் அமைப்பையோ கணினியில் ஓர் எண்ணையோ மாற்றினால் போதும். அரை மணி நேரத்தில் முப்பது குதிரைகளைக் கூடுதலாகக் கட்டிவிடலாம். அவற்றை எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி.

திருவண்ணாமலையின் சித்திரை வெயிலை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரிக் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1.7 மடங்குக்கு அமுக்கினால், சாதாரணத் திறனுள்ள டர்போவில் அது 110 டிகிரியைத் தாண்டிவிடும் என்பது கணக்கு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, முன்வெடிப்புக்கும் அதுவே தூண்டுகோல். குளிர்நாட்டு வாகன ஓட்டி ஒருவர் எழுதிவைத்த அளவுகளை அப்படியே இங்கே பின்பற்றினால் பிஸ்டன் உருகும். ஆகவே அனுபவசாலிகள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். முதலில், ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைச் சமமாகத் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். நோயாளிக்குப் பளு தூக்கும் பயிற்சி கூடாது. பிறகு தடைகளும் டயர்களும். அதன்பின் ரேடியேட்டர், அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எண்ணெய்க் குழாய்கள். அதையடுத்து எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதுமானது. டர்போ முழு மூச்சில் தள்ளும்போது காற்று 12 பங்கை ஒட்டி இருக்குமாறு பெட்ரோலைக் கூட்ட வேண்டும். மிகுதிப் பெட்ரோல் உள்ளிருந்து குளிர்விக்கிறது. இதைக் கண்காணிக்கப் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி அவசியம். இவையெல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் அழுத்தம். அதையும் சிறிது சிறிதாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றமாக, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு செய்ய வேண்டும். இந்தப் பட்டியலில் பெரும்பகுதி ஆற்றலைக் கூட்டுவதைப் பற்றியதன்று என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். எல்லாம் முட்டுக்கட்டைகள்!

மூலமும் பாடபேதமும்

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். திருத்தப்பட்ட வண்டிகளுக்கு நம் நாட்டில் சாலையிலும் இடமில்லை, சரித்திரத்திலும் இடமில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சாலை எல்லோருக்கும் பொதுவானது. பள்ளிக் குழந்தை கடக்கும் தெருவில் ஒருவரின் சோதனை ஓட்டத்துக்கு உரிமை கிடையாது. இதில் நமக்கு மறுப்பில்லை. திருத்திய வண்டிக்குரிய இடம் இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் போன்ற தடங்களே.

வருத்தம் தருவது வேறொன்று. 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென மத்திய அரசு தனிவிதி வகுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும், மூல வடிவிலேயே பேணப்பட்டதாகவும், சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் இல்லாததாகவும் இருந்தால்தான் அந்தத் தகுதி கிட்டும். ஆகவே, வாங்கிய நாள் முதல் போர்வைக்குள் தூங்கிய ஹெரால்டுக்கு மரியாதை உண்டு. சோழவரத்தில் ஓடுவதற்காக உள்ளுறுப்பு அனைத்தும் மாற்றப்பட்ட ஹெரால்டு வெறும் பழைய இரும்பு. எந்தக் காரில் நம் கைத்தொழிலாளரின் அறிவு பதிந்திருக்கிறதோ அதுவே பழைய இரும்புக் கடைக்கு முதலில் போகிறது.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இதிலுள்ள பிழை எளிதில் புலப்படும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டபோது பாடபேதங்களைத் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பில் பதிந்து வைத்தார்கள். எந்த ஊரில், எந்தக் கையில், ஒரு நூல் எப்படி வாசிக்கப்பட்டது என்பதற்கு அவையே சான்று. தொழிற்சாலையிலிருந்து வந்த கார் மூலபாடம் என்றால், கொட்டகையில் திருத்தப்பட்ட கார் பாடபேதம். ஆங்கில வடிவமைப்பாளர் ஒருவர் வரைந்த எஞ்சினைத் தமிழ்நாட்டு வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் பணமுடைக்கும் ஏற்ப ஒரு கடைசல் தொழிலாளி எப்படிப் படித்தார் என்பது அந்தச் சிலிண்டர் ஹெட்டில் அராவப்பட்ட துளையில் இருக்கிறது. வேறு எந்த ஆவணத்திலும் இல்லை.

நாயுடுவின் பெயரைச் சொல்லக் கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் உண்டு. கரிவர்தனின் பெயரைச் சொல்ல ஒரு பந்தயத் தடம் உண்டு. அவர்கள் வரைந்ததை வார்த்தவர்களுக்கும், கடைந்தவர்களுக்கும், காதால் கேட்டே 'போதும்' என்றவர்களுக்கும் எதுவும் இல்லை. சோழவரத்துப் பந்தயங்களின் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. கருவி பிடித்தவர்கள் பேசிய மொழியில் அவர்கள் செய்த வேலையைப் பற்றிய நூல் அரிது. டர்போவுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் கலைச்சொல் தேடி நாம் வாதிடும்போது, அந்தப் பட்டறைகளில் புழங்கிய சொற்களே ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன.

அறுபதுகளில் இருபது வயதாக இருந்த மெக்கானிக்குகள் இன்று எண்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். உங்கள் தெருவிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் எதை அராவினார், ஏன் அராவினார், எப்போது நிறுத்தினார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். கொட்டகை மூலையில் துருவேறிக் கிடக்கும் எஞ்சினை எடைக்குப் போடுமுன் நான்கு பக்கமும் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.